எஸ்.பி. வரைந்த சன்ஷேடு

வீடு கட்டுகிறவர்களுக்குச் சுவரில்தான் விரிசல் விழும். அந்த வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைகிற எங்களுக்குப் பிடரியில் விழும். மவுஸைப் பிடித்தே மணிக்கட்டு தேய்ந்துபோன என் சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

ப்ளான் என்றால் வீட்டை மேலிருந்து பார்ப்பது. டீட்டெயில் என்றால் அதே வீட்டைக் குறுக்கே வெட்டி, உள்ளே எது எதோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று காட்டுவது. அதில் வருகிற செங்கல், கம்பி, போல்ட், ஜன்னல் நிலை எதையும் நாங்கள் கோடு கோடாக வரைவதில்லை. எல்லாம் ஏற்கெனவே வரையப்பட்டு, கம்ப்யூட்டருக்குள் பட்டியலாக இருக்கும். வேண்டியதை எடுத்து, எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்பேஸ் பாரைத் தட்டித் திருப்பி, இடம் பார்த்து க்ளிக் செய்தால் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஆபீஸில் இதற்கு ‘உருப்படி வைப்பது’ என்று பெயர். எங்கள் இன்ஜினியரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் என் பின்னால் வந்து நின்று, “உருப்படிய உருப்படியா வையிம்மா” என்பார். ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல் இதே நகைச்சுவை.

ஆபீஸ் தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. சாயங்காலமானால் முந்திரியும் சர்க்கரையும் வேகிற வாசனை படியேறி வரும். அந்த வாசனையைச் சகித்துக்கொண்டு கழிவறைத் தரைக்கு டீட்டெயில் போடுவதற்குத் தனி மனவலிமை வேண்டும்.

இடியாப்பச் சுவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அந்த உருப்படிப் பட்டியல் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் தயாரானது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கூரையிலிருந்து பனி சரியாமல் தடுக்கும் கம்பி, கணப்பு அடுப்புக்குப் புகைபோக்கி என்று என்னென்னவோ இருந்தது. அதில் ஒன்று வளைந்து வளைந்து நெளிந்து மிக அழகாக இருந்தது. முத்தையாபுரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சுவருக்குள் கொஞ்சம் இடம் வெறுமையாகத் தெரிகிறதே என்று, அடியிலிருந்து முடிவரைக்கும் அதை வைத்து அனுப்பிவிட்டேன். அது குளிர் உள்ளே வராமல் சுவருக்குள் திணிக்கிற பஞ்சு என்று பின்னால்தான் தெரிந்தது. பஞ்சு வைத்த சுவருக்குள் தூத்துக்குடி வெயிலில் ஒரு குடும்பத்தை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சைட்டிலிருந்து தங்கையா மேஸ்திரி போன் செய்தார். எங்கள் ஆபீஸ் வேலையை அவர் எடுத்துச் செய்ய ஆரம்பித்தது அப்போதுதான். என்னை அவர் பார்த்ததில்லை. போனில் பெண் குரல் கேட்டதும் போன் எடுப்பதற்காக ஆபீஸில் வைத்திருக்கும் ஆள் நான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். தாளின் மூலையில் எஸ்.பி. என்று இருந்தது, அவர் எஸ்.பி. சாரைக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அவர் இல்லை, என்னன்னு சொல்லுங்க, சொல்லிருதேன்” என்றேன். மேஸ்திரி மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “ஒண்ணுமில்லம்மா, சுவத்துக்குள்ள முழுக்க இடியாப்பம் புழிஞ்சு வச்சிருக்காவ, சொதிய எங்கன ஊத்தணும்னு மட்டும் சார்ட்ட கேட்டுச் சொல்லுங்க.”

ராசிக் கட்டம்

அந்த எஸ்.பி. யார் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீஸ் தாள் ஒவ்வொன்றிலும் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம் உண்டு. வீட்டுக்காரர் பெயர், தேதி, அளவு எல்லாம் அதில் வரும். கடைசியாக ‘வரைந்தவர்’ என்று ஒரு சின்ன இடம். அதில் S.P. என்று இரண்டு ஆங்கில எழுத்து. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எஸ். பெருமாள், கட்டத்தை முதலில் போட்டவரும் அவரே. நான் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே துபாய்க்குப் போய்விட்டார். அவர் போனாலும் அவர் எழுத்து போகவில்லை. நான் வரைகிற ஒவ்வொரு தாளிலும் அவர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

என் பெயர் பொன்ராணி. எழுதினால் நாலே எழுத்து, அந்த இடத்தில் தாராளமாகக் கொள்ளும். வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. நான் வரைந்ததில் என் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்த ஆறாவது மாதம் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்டிருப்பேன், பதில் மாறவில்லை: “எஸ்.பி.ன்னு போட்டுக் கொடுத்த ப்ளான் ஒண்ணுகூட பாஸாகாம திரும்பி வந்தது கெடையாது, அது ராசியான எழுத்தும்மா, ஓடுத வண்டில டயர மாத்தச் சொல்லாத.”

எஸ்.பி. வரைக்கும்

ராசி என்று அண்ணாச்சி சொன்னதில் உண்மை இருக்கிறதோ என்று ஒரே ஒரு முறை எனக்கும் சந்தேகம் வந்தது. விளாத்திகுளத்தில் ஒரு மிளகாய் வியாபாரிக்குச் சுற்றுச்சுவர் வரைந்தோம். பக்கத்து மனைக்காரர் ஒரு தினுசானவர். எல்லைக்கல்லை மாதம் ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். பஞ்சாயத்துப் பேசியாயிற்று, உறவுக்காரர்களை வைத்துச் சொல்லியாயிற்று, கல் மட்டும் நின்றபாடில்லை. வியாபாரி நொந்துபோய், “நீங்க வரைஞ்சு குடுங்க, மத்தத ஆண்டவன் பாத்துக்கிடட்டும்” என்றார்.

அஸ்திவாரத்துக்கு வைக்க வேண்டிய கல், கம்பி, பில்லர் எல்லா உருப்படியும் வைத்துத் தாளை அனுப்பினேன். வியாபாரி அதை ஒரு பலகையில் ஒட்டி மனையின் வாசலில் நிறுத்தினார். மறுநாள் காலை பக்கத்து மனைக்காரர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தாளை ஒவ்வொரு வரியாகப் பார்த்திருக்கிறார். மூலைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாராம். ஜீப்பிலும் செய்தித்தாளிலும் எஸ்.பி. என்றால் யார் என்று அவருக்குத் தெரியும். மாவட்டப் போலீஸ் அதிகாரியே வீட்டுச் சுவரை வரைந்து கொடுப்பாரா என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அன்றைக்கு மதியத்துக்குள் கல் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது. கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் வியாபாரியிடம் வருத்தத்தோடு கேட்டாராம்: “ஒரு ரெண்டு அடிக்காக எஸ்.பி. வரைக்கும் போவணுமாவே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே நவுத்தி வச்சிருக்க மாட்டனா?”

துபாயிலிருந்து ஒரு போன்

பெருமாள் அண்ணன் நல்ல மனிதர். பொங்கலுக்குப் பொங்கல் ஆபீஸுக்குப் போன் செய்து அண்ணாச்சியை விசாரிப்பார். போன பொங்கலுக்கு என்னிடமும் பேச வேண்டும் என்றார். அங்கே அவர் தங்கியிருக்கும் அறைக்குப் புதிதாக வந்த ஒரு தூத்துக்குடிக்காரர், தன் வீட்டு டீட்டெயில் தாளை செல்போனில் எடுத்துக் காட்டி, “இதெல்லாம் எஸ்.பி.ன்னு ஒரு ஆளு வரையிதாரு, மாவட்டத்துலயே அவர அடிச்சிக்கிட ஆள் கெடையாது” என்று அவரிடமே சொல்லியிருக்கிறார். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சிரித்தேன், ஆனால் போனை வைத்த பிறகு வரைந்துகொண்டிருந்த தாளின் மூலையைத்தான் பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: “தங்கச்சி, நான் துபாய்க்கு வந்த பொறவு என் வேல ரொம்பத் திருந்தியிருக்குன்னு ஊருக்குள்ள பேச்சாமே?”

கருப்பட்டித் தாள்

எங்கள் அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை. நான் தூத்துக்குடியில் ஹாஸ்டலில் இருந்து, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவேன். போகும்போது ஆபீஸில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய தாள்களைச் சுருட்டி எடுத்துப் போவது வழக்கம். நல்ல கனமான பெரிய தாள். கருப்பட்டி மடிக்க அதைவிட வாகானது கிடையாது. எங்கள் ஊரில் பல வீட்டு அடுக்களைகளில் என்னுடைய மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் கருப்பட்டி வாசனையோடு கிடக்கின்றன.

அப்பா தாளைக் கிழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கல்லாவில் விரித்துப் போட்டு, நாலு மூலையையும் பார்ப்பார். பழைய தாளில் என்ன பார்க்கிறார் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கேட்டேன். “உன் பேரத்தான்” என்றார். சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் காட்டுவதற்கு ஒரு தாளாவது எடுத்து வைக்கலாம் என்று முதல் வருடத்திலிருந்தே தேடிக்கொண்டிருக்கிறார். நான் கட்டம், ராசி, துபாய் என்று நீளமாக விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்பா கேட்டு முடித்துவிட்டு, தாளை நாலாக மடித்துக்கொண்டே சொன்னார்: “அதெல்லாஞ் சரிளா, ஆறு வருசமா அங்கன நீ என்ன வேலதான் பாக்க?”

மணப்பாட்டு மூடி

மணப்பாட்டில் கடலைப் பார்த்த ஒரு வீடு வந்தது. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறவர். வருடத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். வீட்டைக் கட்டியதெல்லாம் அவர் மனைவி ரீத்தா அக்கா. கணவர் விடுமுறையில் வரும்போது சர்ச் சாமியார் வந்து ஜெபித்து வீட்டை மந்திரித்ததும் குடிபோக வேண்டும் என்று அவரிடம் நாளும் குறித்துவிட்டார். அக்கா கேட்டது பதினோரு ஜன்னல். கூடவே முன்னறையில் கப்பலில் இருப்பது போல ஒரு வட்ட ஜன்னல்.

பட்டியலில் வட்ட ஜன்னல் இல்லை. தேடித் தேடிப் பார்த்ததில், வட்டமாக, சுற்றிலும் போல்ட் வைத்து, பார்ப்பதற்கு அச்சு அசல் கப்பல் ஜன்னல் போலவே ஒரு உருப்படி கிடைத்தது. அளவை மட்டும் சரி செய்து முன்னறைச் சுவரில் வைத்தேன். இந்த உருப்படிகளோடு ஒரு தொல்லை உண்டு. கூடவே ஒரு பெயர்ச்சீட்டும் ஒட்டிக்கொண்டு வரும். கொத்தனார்களுக்குப் புரியட்டும் என்று அந்தப் பெயர்களையெல்லாம் தமிழில் மாற்றி வைத்தவளும் நான்தான். சீட்டைக் கழற்ற மறந்துபோனேன். ரீத்தா அக்கா தாளைப் பிரித்து, கடல் பக்கத்து முன்னறையைப் பார்த்து, ‘செப்டிக் டேங்க் மூடி’ என்பதை நிதானமாக ஒரு முறை வாசித்துவிட்டு அண்ணாச்சியிடம் கேட்டார்: “ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் கப்பல்லருந்து வந்து கடலப் பாக்கணும்னா மொதல்ல இந்த மூடியத் தொறக்கணுமா?”

பதினோரு சன்ஷேடு

மூடியைக் காகிதத்திலேயே பிடித்துவிட்டோம். அடுத்ததைப் பிடிக்கவில்லை.

ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடின் நுனியில், அடிப்பக்கம், விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பள்ளம் விடுவார்கள், காடி என்று பெயர். மழைத் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடாமல், அந்தக் காடிக்கு வந்ததும் சொட்டிக் கீழே விழுந்துவிடும். அந்த நுனி ஒரு தனி உருப்படி. அதை எடுத்து வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. தங்கையா மேஸ்திரிதான், எஸ்.பி. சாரிடம் சொல்லச் சொல்லி வழக்கம்போல ஏதோ சேதி. ஒரு கையில் போன், இன்னொரு கை ஸ்பேஸ் பாரில். ஒரு தட்டுத் தட்டினால் உருப்படி கால் சுற்று திரும்பும். தட்டவே தேவையில்லாததைப் பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறேன். காடி மேலே போய்விட்டது. அதையே பதினோரு ஜன்னலுக்கும் நகல் எடுத்து அனுப்பினேன்.

வீடு கட்டி முடித்த பிறகு ஐப்பசி மழை ஒரே நாள்தான் பெய்தது. ரீத்தா அக்கா அண்ணாச்சியைக் கூப்பிட்டார்; அண்ணாச்சி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். போய்ப் பார்த்தால், பதினோரு சன்ஷேடின் தலையிலும் வாய்க்கால் போல ஒரு காடி. அதில் தண்ணீர் நிற்கிறது. காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்து குடிக்கின்றன. அடியில் காடி இல்லாததால் தண்ணீர் ஊர்ந்து வந்து புதுப் பெயின்ட் அடித்த சுவரெல்லாம் கோடு கோடாக இறங்கியிருந்தது. வீடு மந்திரிப்புக்குப் பத்தே நாள். ரீத்தா அக்கா சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இத்தன வருச சர்வீஸ், ஒமக்குத் தெரியாதாவே?” என்று அண்ணாச்சி அங்கே நின்ற மேஸ்திரியிடம் பாய்ந்தார். தங்கையா மேஸ்திரி தாளை எடுத்து மூலையைக் காட்டினார். “எனக்கும் சந்தேகந்தான் அண்ணாச்சி. வேற யாராவது வரைஞ்சிருந்தா சிரிச்சிட்டு ஒழுங்கா போட்டுட்டுப் போயிருப்பேன். இது எஸ்.பி. சார் வரைஞ்சது. அவிய போட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா. காக்கா குருவி தண்ணி குடிக்கதுக்கு ஏதோ புண்ணியமாச் செய்தாவன்னு நெனச்சேன்.”

அண்ணாச்சிக்குச் சட்டென்று வழி கிடைத்துவிட்டது. ரீத்தா அக்காவிடம் திரும்பி, “அந்த ஆளு வேலைய விட்டுத் துபாய்க்குப் போயிட்டான்மா, இனிமே இப்படி வராது” என்றார். பொய் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை. என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்பதுபோல் கண்ணைக் காட்டினார். நான் சும்மா இருந்திருந்தால் அன்றைக்கு எனக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. துபாயில் இருக்கிறவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் எனக்குள் ஏதோ கொதித்தது. அதை நேர்மை என்று நீங்கள் நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான், உண்மை அதுவல்ல. ஆறு வருடமாக நான் ஒழுங்காக வரைந்ததையெல்லாம் அவருக்குக் கொடுத்தாயிற்று. முழுக்க முழுக்க என் கையால், என் இரண்டு தட்டால் நடந்த தப்பு இது. இதையும் அவருக்கே தூக்கிக் கொடுக்க வேண்டுமா? “அவர் போய் ஆறு வருசமாகுது. இத வரைஞ்சது நான்தான். எல்லாத்தையும் வரைஞ்சது நான்தான்” என்று கத்திவிட்டேன். காக்காய்கள் பறந்துவிட்டன. அண்ணாச்சி காரைப் பார்த்தார். ரீத்தா அக்கா என்னைப் பார்த்தார். தங்கையா மேஸ்திரி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “அப்பம் அந்த இடியாப்பமும் நீங்கதானாம்மா?”

திருத்தம்

அங்கேயே ஒரு சிமென்ட் மூட்டைமேல் தாளை விரித்து, எப்படிச் சரி செய்வது என்று நானும் மேஸ்திரியும் பேசினோம். மேலே உள்ள காடியை அடைத்துத் தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுப்பது, அடியில் மெஷின் வைத்துப் புதுக் காடி அறுப்பது. நடுவில் இரண்டு இடத்தில் அவர் சொன்னது சரியாக இருந்தது. ஒரு இடத்தில் நான் சொன்னதை அவர் ஒத்துக்கொண்டார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, எஸ்.பி. சாரிடம் சொல்லச் சொல்லாமல் என்னிடமே பேசினார். வீடு மந்திரிப்புக்கு முந்தின நாள் பெயின்ட் காய்ந்தது. மந்திரிப்புக்கு ரீத்தா அக்கா கூப்பிட்டிருந்தார், அண்ணாச்சியோடு நானும் போயிருந்தேன். கப்பல்காரர் வட்ட ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துவிட்டு, யார் போட்ட டீட்டெயில் என்று கேட்டார். அக்கா என் பக்கம் கையைக் காட்டினார்.

திரும்பி வரும் வழியில், திருச்செந்தூர் தாண்டியதும் அண்ணாச்சி சொன்னார்: “ஃபைல்ல வைக்கப் போற திருத்தின தாள்ல ஒம் பேரையே போடும்மா, அடுத்த தடவ யாரத் திட்டணும்னு எனக்குத் தெரியணும்லா.”

போட்டேன். சுருக்காமல், முழுசாக, தமிழில். அந்தச் சனிக்கிழமை ஒரு பிரதியைச் சுருட்டி ஊருக்குக் கொண்டுபோனேன், கருப்பட்டிக்கு அல்ல. அப்பா அதைக் கல்லாவில் விரித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நேராக அந்த மூலைக்குப் போனார். கட்டம் குறுகலானது. என் பெயருக்குப் பக்கத்தில் என்ன திருத்தம் என்று எழுதுகிற இடத்தில், ‘தலைகீழ்’ என்பது மட்டும் முதல் வரியில் நிற்க, ‘நுனி சரிசெய்யப்பட்டது’ என்பது அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது. அப்பா விரலை வைத்து என் பெயரை இரண்டு முறை தடவினார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. அதை மறைக்கத்தானோ என்னவோ, உடனே கேட்டார்: “பேரு வந்துட்டுளா, பக்கத்துலயே தலைகீழ்னு போட்டிருக்கே, அது நீ படிச்சு வாங்குன பட்டமா?”

ஆறு வருடம் ஒழுங்காக வரைந்தும் எடுக்க முடியாத பேரை, ஸ்பேஸ் பாரில் இரண்டே தட்டில் எடுத்துவிட்டேன்.